பழுது பார்த்தலும் பகுத்தறிவும்

கணினியின் பழுது நீக்கல் தொழினுட்பவியலாளரின் கைத்திறன் மாத்திரமே, அறிவுலகுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்தின் நிழலில் வழக்கமொன்றும் வளர்ந்துவிட்டது. லினக்ஸ் இயங்கும் கணினியிலோ சேவையகத்திலோ கோளாறு தோன்றியதும், யாரோ எழுதிவைத்த கட்டளையை அப்படியே இடுவது. அது பயன்தராவிடின் வேறொன்றை இடுவது. அதுவும் பயன்தராவிடின் முழு முறைமையையும் அழித்து மீள நிறுவுவது. இதனைப் பழுது பார்த்தல் என அழைப்பது தகாது. இது பழுதைப் பார்க்காமல் விடும் முறையேயாகும்.

இவ்வழக்கம் எத்துணை முரணானது என்பதை உணரக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றுவாயை நோக்குதல் அவசியமாகும். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன், கடதாசி சிக்கி அச்சுப்பொறி நின்றால் அதனைப் பயனர்க்கு அறிவிக்கும்படி பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தியிருந்தார். 1980 ஆம் ஆண்டளவில் புதிய லேசர் அச்சுப்பொறியொன்று வந்தது. அதிலும் கடதாசி சிக்கிற்று. ஆனால் அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. நோய் தெரிந்தும் கைவைக்க முடியாத அந்நிலை அவரது சிந்தனையை உருவாக்கிய அனுபவங்களுள் ஒன்றாயிற்று. 1983 செப்டெம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் வெளியிட்ட உட்கரு, 1992 இல் குனூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. நிரலைத் திறந்து ஆராயும் உரிமை, இவ்வாறு, பழுதொன்றின் முன் கையறு நிலையில் நின்ற அனுபவத்திலும் வேர்கொண்டது. அவ்வுரிமையை இலவசமாகப் பெற்றவர் பதிவேட்டின் ஒரு வரியைத்தானும் வாசிக்க மறுப்பாராயின், உரிமை ஏட்டில் மாத்திரமே எஞ்சும்.

நடைமுறையில் அடிக்கடி நேரும் சில கோளாறுகளை எடுத்துக்கொள்ளலாம். சேவையகமொன்று வட்டில் இடமில்லை என முறையிடுகின்றது. உடனே பதிவேட்டுக் கோப்புகளை அழித்துவிடுவது பலர் கையாளும் வழி. ஆயின், இயங்கிக்கொண்டிருக்கும் செயல்முறையொன்று திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், அதன் பெயர் மறையுமேயன்றி இடம் விடுபடாது. அச்செயல்முறை கோப்பை மூடும்வரை இடம் பிடிபட்டேயிருக்கும். இடம் கிடைக்கவில்லை, காரணத்தைக் கூறவல்ல சாட்சியமோ போயிற்று. சில வேளைகளில் வட்டில் இடம் ஏராளமாக இருந்தும் இதே முறையீடு எழும். எண்ணற்ற சிறு கோப்புகள் குவிந்து, கோப்புகளைக் குறிக்கும் ஐநோட்டுகள் தீர்ந்துபோயிருக்கும். இடத்தின் அளவையும் ஐநோட்டுகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே கேட்டறிய ஒரு நிமிடம் போதும். கேட்பதற்குத்தான் மனமில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது என்னும் செய்தி வந்தால் அனைவர்க்கும் அனைத்து அனுமதியும் வழங்கும் 777 என்னும் எண்ணை இடுவது இன்னொரு மருந்து. தொலைநிலை நுழைவுக்கான இரகசியச் சாவிக்கு இம்மருந்தைக் கொடுத்தால் விளைவு தலைகீழாகும். பிறரும் வாசிக்கக்கூடிய சாவியை எஸ்எஸ்எச் நம்ப மறுத்துப் புறக்கணிக்கும். கதவை அகலத் திறந்தவரே வெளியே நிற்க நேரிடும். அவ்வாறே, உட்கரு புதுப்பிக்கப்பட்ட மறுநாள் மேசைக் கணினியின் திரை இருண்டு கிடந்தால், புதிய உட்கருவுக்கேற்ப வரைவியல் இயக்கி கட்டப்படாமை பெரும்பாலும் காரணமாயிருக்கும். வழங்கல்கள் பலவும் பழைய உட்கருவைத் தொடக்கப் பட்டியலில் விட்டுவைக்கின்றன. அதன்வழி நுழைந்து, முந்திய தொடக்கத்தின் பதிவேட்டை வாசித்து, இயக்கியை மீளக் கட்டினால் போதுமானது. அனைத்தையும் அழித்து மீள நிறுவியவர் அடுத்த புதுப்பித்தலில் அதே இருளைச் சந்திப்பார்.

அறிகுறியை அடக்குவதைக் காரணத்தை அறிவதாகக் கருதும் தவறு தொடக்கநிலையினர்க்கு மாத்திரம் உரியதன்று. 2006 இல் டெபியன் வழங்கலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரற்றொகுதி பரிசோதனைக் கருவியொன்றின் எச்சரிக்கைகளுக்கு உள்ளாயிற்று. எச்சரிக்கை எழாதவாறு இரு வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை அடங்கிற்று, அதனுடன் சாவிகளுக்கு வேண்டிய எழுமாற்றுத் தன்மையும் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. செயல்முறை எண் மாத்திரமே எஞ்சியமையால், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 சாத்தியங்களே இருந்தன. 2008 மே மாதத்திலேயே இது வெளிப்பட்டது.

இதற்கு மறுதலையான சான்று 2024 மார்ச்சில் கிடைத்தது. அன்ட்றெஸ் பிறொய்ன்ட் என்னும் பொறியியலாளர், எஸ்எஸ்எச் நுழைவு வழமையிலும் ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். அரை விநாடிதானே என அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தொடர்ந்து சென்றபோது, எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் திட்டமிட்டுப் புதைக்கப்பட்ட இரகசிய வாயில் வெளிப்பட்டது. பெரும்பாலான சேவையகங்களை அது எட்டுமுன்னரே தடுக்கப்பட்டது. மூலநிரல் திறந்திருந்தமை இதற்கு வழிசமைத்தது. எனினும், ஐயுற்று நோக்கிய ஒருவர் இல்லாதிருந்தால் அத்திறப்பினால் பயனேதும் விளைந்திராது.

நள்ளிரவில் சேவையகம் வீழ்ந்து பலர் காத்திருக்கும்போது தத்துவ விசாரத்துக்கு நேரமேது எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. முதலிற் சேவையை மீட்பதில் தவறில்லை. அதற்கு முன் பதிவேட்டைப் பிரதிசெய்து வைப்பதே வேண்டப்படுவது. அந்நியர் ஊடுருவிய முறைமையை மீள நிறுவுவதே முறையென்பதும் உண்மை. ஆயினும் ஊடுருவல் நிகழ்ந்த வழியை அறியாது நிறுவினால், அதே வழி மீண்டும் திறந்திருக்கும்.

குற்றம் முழுவதும் பயனரையே சாராது. விளங்காச் சொற்களில் பிழைச்செய்தி எழுதும் நிரலாளரும், வினவும் புதியவரைக் கையேட்டை வாசி என விரட்டும் வல்லுநரும் அறியாமைக்குக் காவலராகவே நிற்கின்றனர். அறிவைப் பூட்டிவைப்போரை எதிர்த்து எழுந்த இயக்கத்தினுள்ளேயே அறிவைப் பூட்டிவைக்கும் புதிய குழாமொன்று தோன்றுவது வேதனைக்குரியது.

கல்வெட்டின் சிதைந்த எழுத்தை ஊன்றி வாசிப்பதும், ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்குவதும் ஆய்வெனப் போற்றப்படும் கலைப்பீடத்தில், இயந்திரம் தன் நோயைத் தானே எழுதிவைத்த ஏட்டை வாசிப்பது மாத்திரம் தாழ்ந்த தொழிலாகிவிடாது. சான்றைத் தேடுதல், கருதுகோள் அமைத்தல், ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றிச் சோதித்தல், கண்டதைப் பிறர்க்கென எழுதிவைத்தல் ஆகியவை எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஆய்வு நெறிகளே. இவற்றைக் கைவிட்டவர் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினும் கட்டுண்டவரேயாவார்.