மழை கொண்டுபோன பாடநாட்கள்

வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் ஜில்லா கலெக்டர் பாடசாலைகளுக்கு விடுமுறை அறிவிப்பதும், மழை ஓய்ந்தபின் சனிக்கிழமைகளில் பாடசாலையைத் திறந்து அந்நாட்களை ஈடுசெய்வதும் நமது வட ஜில்லாக்களில் வழக்கமாகிவிட்டன. குழந்தைகளின் உயிரைவிடப் பாடம் பெரிதன்று. ஆகவே விடுமுறையை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஈடுசெய்யும் முறையைப் பற்றியே நமது விவாதம்.

2015-ம் வருஷத்துப் பெருமழையில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களில் பாடசாலைகள் ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக்கிடந்தன. டிசம்பரில் நடக்கவேண்டிய அரையாண்டுப் பரீட்சை 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் விடுமுறையும் பரீட்சை மாற்றமும் நேர்ந்தன. வருஷந்தோறும் வரும் விருந்தாளியை எதிர்பாராத விபத்தாகப் பாவிப்பது என்ன நிர்வாகம்?

2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம், ஐந்தாம் வகுப்புவரை 200 நாட்களோடு 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 220 நாட்களோடு 1,000 மணி நேரமும் விதித்திருக்கிறது. பதிவேட்டில் நாட்கள் நிறைந்தால் மட்டும் போதாது. பாடமும் நிறைய வேண்டும் என்பதே அதன் கருத்து. பாவில் இழை அறுந்தால் காஞ்சி நெசவாளி உடனே அவ்விடத்திலேயே பிணைக்கிறான். முந்தானையில் ஒரு முழம் கூட்டி நெய்து கணக்குத் தீர்ப்பதில்லை. விடுபட்ட கணக்கையும் இலக்கணத்தையும் மீண்டும் கற்பிக்காத சனிக்கிழமை அப்படிப்பட்ட வீண் முழமேயாகும்.

இதில் நஷ்டமடைவோர் யார்? பணம் படைத்தவன் பிள்ளைக்கு வீட்டிலேயே தனி உபாத்தியாயர் உண்டு. குழித்தறியில் ஈரம் ஏறி, தெருவில் பாவு போட வழியின்றித் தந்தை வேலையிழந்து நிற்கும் மழைநாளில், நெசவாளியின் பிள்ளை பாடத்தோடு பாடசாலைச் சாப்பாட்டையும் இழக்கிறது. ஆதலால் ஈடுசெய்யும் நாள் ஒவ்வொன்றிலும் உணவும் தவறாமல் அளிக்கப்பட வேண்டும்.

ஜில்லா முழுமைக்கும் ஒரே உத்தரவு என்பதும் பொருந்தாது. காஞ்சிபுரத்துக்கு அருகே செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலை எடுத்துக்கொள்வோம். அந்த ஆறு ஜவ்வாது மலையில் உற்பத்தியாகிறது. மலையில் பெய்த மழை, மாகறலில் வானம் வெளுத்த பின்னரும் வெள்ளமாக வரக்கூடும். அப்பொழுது ஆற்றைக் கடந்து வரும் பிள்ளைக்கு விடுமுறை அவசியம். மேட்டு நிலத்து ஊர்ப் பிள்ளைக்கு அவசியமில்லை. இதனை அறிந்தவர்கள் ஊராரே. அதே வட்டாரத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்திலேயே, ஏரியைப் பராமரிக்கக் குடவோலையால் வாரியம் தேர்ந்த ஜனங்கள் நம்மவர்கள். தங்கள் பிள்ளைகளின் பாடநாளை நிர்ணயிக்க அவர்கள் சந்ததியாருக்குத் திறமை இல்லையா?

நமது யோசனை இது. வருஷத் தொடக்கத்திலேயே மழைக்கென்று சில நாட்களைச் சர்க்கார் நாட்காட்டியில் ஒதுக்கி வைக்கட்டும். அவற்றைச் சனிக்கிழமையில் வைப்பதா, கோடை விடுமுறையின் முற்பகுதியில் வைப்பதா என்பதைச் சட்டப்படி அமைந்த பாடசாலை மேலாண்மைக் குழு தலைமையாசிரியரோடு கலந்து முடிவுசெய்யட்டும். எந்தப் பாடம் விடுபட்டது என்பதை எழுதிவைத்து, அதையே அந்நாளில் நடத்தட்டும்.

இக்குழுக்கள் பல ஊர்களில் கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. பொதுஜன ஊழியர்கள் அடுத்த மழைக்கு முன்னரே அவற்றைக் கூட்டி இத்தீர்மானத்தைச் செய்விக்க வேண்டும். மேடையில் கல்வியைப் போற்றுவதைவிட இது பயனுள்ள தேசத்தொண்டு.