விலை கொடுத்தவன் ஒருவன்! எஜமானன் மற்றொருவன்!!

உலகத்தில் சாதாரணமாக ஒருவன் ஒரு சாமானை விலை கொடுத்து வாங்கினால் அந்தச் சாமானுக்கு அவனே சொந்தக்காரன் என்பதை ஒப்புக்கொள்ளாதவர் யாரும் இல்லை. மாடு வாங்கினவன் அதை ஏரில் கட்டுவதா வண்டியில் கட்டுவதா என்று விற்றவனைப் போய்க் கேட்பதில்லை. கடிகாரம் வாங்கினவன் அதைக் கழற்றிப் பார்த்தால் கடிகாரக் கடைக்காரன் பிராது கொடுப்பதில்லை. ஆனால், ஆயிரக்கணக்காகப் பணம் கொட்டி வாங்கும் கம்ப்யூட்டர் யந்திரத்தின் விஷயத்தில் மாத்திரம் இந்த நியாயம் தலைகீழாகப் புரட்டப்பட்டு, விலை கொடுத்தவன் விருந்தாளியாகவும், விற்றவன் வீட்டுக்காரனாகவும் இருந்து வருகின்றார்கள். தினந்தோறும் இந்த யந்திரத்தோடேயே காலங்கழிக்கும் படித்தவர்கள்கூட இதைப்பற்றிச் சிறிதும் யோசிக்காமல் இருப்பதைப் பார்த்தால் நமக்கு மிகவும் ஆச்சரியமாகவே இருக்கின்றது.

கம்ப்யூட்டர் யந்திரம் என்பது தனியாக இருக்கும்போது வெறும் தகரப் பெட்டியேயாகும். அதை நடத்துவது ஆபரேட்டிங் சிஸ்டம் என்னும் காரியஸ்தன். எந்த வேலைக்கு எவ்வளவு இடம், எந்தக் கதவை யாருக்குத் திறப்பது என்பவையெல்லாம் அவன் கையில் இருக்கின்றன. இந்தக் காரியஸ்தனுக்கு வேண்டிய உத்தரவுகளை மனிதர்கள் மனிதர்களுக்குப் புரியும்படியாகவே எழுதுகின்றார்கள். அதற்குத்தான் மூல நிரல் என்று பெயர். அதை யந்திரத்திற்கு மாத்திரம் புரியும்படி மாற்றிவிட்டு, மாற்றியதை நம்மிடம் விற்று, மூலத்தைக் கம்பெனிக்காரர்கள் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளுகின்றார்கள். அதாவது, பண்ணை நம்முடையது, காரியஸ்தன் சம்பளம் நம்முடையது, ஆனால் கணக்குப் புஸ்தகத்தை மாத்திரம் நாம் பார்க்கக் கூடாது! இந்த ஏற்பாட்டை எந்தப் பண்ணைக்காரனாவது ஒரு நாளைக்குச் சம்மதிப்பானா என்று கேட்கின்றோம்.

இந்த ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்து வந்ததும் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கலாசாலையின் ஆராய்ச்சி சாலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்து வந்தார். அங்கே நிரல்களை ஒருவருக்கொருவர் காட்டுவதும், திருத்துவதும் சாதாரண வழக்கமாகவே இருந்தது. 1980-ஐ ஒட்டி அங்கு வந்து சேர்ந்த ஒரு ஜெராக்ஸ் அச்சு யந்திரத்தில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டது. சிக்கினால் உடனே தகவல் வரும்படி அதன் நிரலைத் திருத்தலாம் என்று அவர் மூலத்தைக் கேட்டபோது, அதை வைத்திருந்த மற்றொரு கலாசாலைக்காரர், “யாருக்கும் காட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்” என்று மறுத்துவிட்டார். காகிதம் சிக்கின அற்ப விஷயத்திலிருந்து பெரிய கேள்வி பிறந்தது. 1983-இல் ஸ்டால்மன் குனு என்னும் முயற்சியைத் தொடங்கினார். உபயோகிக்க, படித்துத் திருத்த, பிறருக்குக் கொடுக்க, திருத்தியதையும் கொடுக்க என்று நான்கு உரிமைகளை வற்புறுத்தினார். 1991-இல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸ் என்னும் உட்கருவை எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தே இன்று லினக்ஸ் என்று வழங்குகின்றது. 1998-இல் இம்மாதிரி முறைக்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயரும் ஏற்பட்டது.

“உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா? எல்லாவற்றையும் சும்மா கொடுத்தால் யார் எழுதுவார்கள்?” என்று சிலர் கேட்கின்றார்கள். 1976-லேயே பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதத்தில் இதைத்தான் கேட்டார். உழைப்புக்குக் கூலி கேட்பது முழு நியாயம் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் கூலி கேட்பது வேறு, கணக்கை மறைப்பது வேறு. திறந்த நிரலை விற்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. திறந்த நிரலையே தொழிலாகக் கொண்ட ரெட் ஹாட் கம்பெனியை 2019-இல் ஐ.பி.எம். கம்பெனி 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்றே, அது சும்மா கொடுத்து மடிந்துபோன வியாபாரமா? 2017 நவம்பர் முதல் உலகத்தின் அதிவேக யந்திரங்களின் பட்டியலில் உள்ள 500-ம் லினக்ஸிலேயே ஓடி வருகின்றன. நம்மவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸேயாகும். ஆகவே பெரிய கம்பெனிகள் தங்கள் வேலைக்குத் திறந்த நிரலை எடுத்துக்கொண்டு, நம் மேஜைக்கு வரும்போது மாத்திரம் பூட்டு எதற்கு என்பதுதான் நமது கேள்வி.

பூட்டின் பலன் என்ன என்பதைச் சமீபத்தில் ஜனங்கள் நேரில் கண்டார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்குச் செய்துவந்த இலவசப் பராமரிப்பை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திற்று. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் காவல் சில்லும், இன்னின்ன வகைப் புது பிராசசரும் வேண்டுமென்பது அவர்கள் விதி. 13-ந் தேதி நன்றாய் ஓடின யந்திரம் 15-ந் தேதியும் நன்றாய்த்தான் ஓடிற்று. அதற்கு நோயும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஆனாலும் பிழைகளைத் திருத்தும் அப்டேட் இனி வராது என்று அதற்குச் சாவோலை அனுப்பப்பட்டது. தனி நபர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு வருஷ தவணை மாத்திரம் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்று சமாதானம் சொல்லுகின்றார்கள். பாதுகாப்பு நல்லதே. ஆனால் எந்த யந்திரம் எத்தனை வருஷம் வாழ வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பணம் கொடுத்தவனுக்கா, விற்றவனுக்கா? அதே யந்திரத்தில் லினக்ஸைப் போட்டால் அது இன்னும் பல வருஷங்கள் உழைக்கக் கூடியதாய் இருக்கும்போது, அதைக் குப்பையில் போடச் சொல்லுவது எந்தப் புத்திக்கு ஒத்தது?

“அதெல்லாம் சரி, ஆனால் லினக்ஸில் கேம் விளையாட முடியாதே” என்று நம் வாலிபர்கள் சொல்லுகின்றார்கள். விளையாட்டுத்தானே என்று இதைத் தள்ளிவிட நமக்கு இஷ்டமில்லை. ஏனென்றால் லட்சக்கணக்கான வாலிபர்களை ஒரே கம்பெனியின் வாசற்படியில் கட்டிவைத்திருக்கும் கயிறு இதுவேயாகும். இந்தக் கயிற்றை இயற்கை திரித்ததா, மனிதன் திரித்தானா என்று பார்க்க வேண்டும். 1995-இல் மைக்ரோசாப்ட் டைரக்ட்எக்ஸ் என்னும் சாதனத்தை வெளியிட்டது. விளையாட்டு எழுதுகிறவர்கள் அதன் பாஷையிலேயே எழுதப் பழகினார்கள். அந்தப் பாஷை விண்டோஸுக்கு மாத்திரம் தெரியும். விஷயம் அவ்வளவுதான். இதில் தெய்வ கட்டளையும் இல்லை, பௌதிக விதியும் இல்லை.

பாஷைதான் தடை என்றால் துபாஷி வைத்தால் தீர்ந்தது. 1993 முதலே வைன் என்ற பெயரால் பலர் கூடி, விண்டோஸ் நிரல்களின் பேச்சை லினக்ஸுக்கு மொழிபெயர்க்கும் வேலையைச் செய்துவந்தார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வரப்போகிறது என்றவுடன், ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல், தம் கடையின் வாசலை மைக்ரோசாப்ட் அடைத்துவிடக் கூடும் என்று பயந்தார். 2013-இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2018-இல் வைனையும், டைரக்ட்எக்ஸின் படம் வரையும் பேச்சை வல்கன் என்னும் பொதுப் பாஷைக்கு மாற்றும் டி.எக்ஸ்.வி.கே.யையும் சேர்த்து, புரோட்டான் என்று வெளியிட்டார்கள். 2022 பிப்ரவரியில் லினக்ஸிலேயே ஓடும் ஸ்டீம் டெக் என்னும் கையடக்க யந்திரம் விற்பனைக்கு வந்தது. முடியவே முடியாது என்றிருந்த ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இன்று லினக்ஸில் ஓடுகின்றன. இதற்காக வால்வ் கம்பெனியைத் தர்மப் பிரபு என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் தங்கள் வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே செய்தார்கள். அவர்களுடைய ஸ்டீம் நிரலும் பூட்டிய நிரலேயாகும். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட வைன் திறந்திருந்தபடியால், செய்த வேலையும் எல்லோருக்கும் பொதுவாய்த் திரும்பி வந்தது.

இன்று மிச்சமிருக்கும் மதில் ஒன்று உண்டு. பலர் சேர்ந்து பந்தயமாய் ஆடும் விளையாட்டுகளில் மோசடியைத் தடுக்க ஆன்டி-சீட் என்னும் காவலாளியை வைக்கின்றார்கள். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டும் 2021-லேயே புரோட்டானில் வேலை செய்யத் தயாராகிவிட்டன. விளையாட்டுக் கம்பெனி சம்மதித்தால் போதும். ஆனால் பலர் சம்மதிக்கவில்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில வருஷம் திறந்திருந்த கதவையும் 2024-இல் மூடிற்று. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அதே வருஷத்தில் வான்கார்டு என்னும் காவலாளியைக் கட்டாயமாக்கியதும் லினக்ஸ்காரர் வெளியே நின்றார்கள். மோசடிக்காரர்கள் இருப்பது உண்மை. தன் யந்திரத்தின் உட்கருவையே மாற்றக் கூடியவனை நம்புவது கம்பெனிக்குக் கஷ்டம் என்பதும் உண்மை. ஆனால் மோசடியைப் பிடிக்க வேண்டியவன் தன் சர்வரில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனிக்கட்டும். அதைவிட்டு, பந்து விளையாட வருகின்றவனிடம் அவன் வீட்டு இரும்புப் பெட்டிச் சாவியைக் கேட்பது என்ன நியாயம்? கெர்னல் என்னும் அந்த உள்ளறையில் பிறத்தியானை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுவோர் 2024 ஜூலை 19-ந் தேதியை நினைக்கட்டும். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட், மைக்ரோசாப்ட் கணக்குப்படியே சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களை ஒரே நாளில் படுக்க வைத்தது. ஆஸ்பத்திரிகளும் விமான நிலையங்களும் திண்டாடின. பாதுகாப்பே தொழிலாக உள்ளவர்கள் கதி இதுவானால், விளையாட்டு விற்பவர்களை உள்ளறையில் எப்படி நம்புவது?

இனி, வாங்கின விளையாட்டாவது நம்முடையதா என்றால் அதுவும் இல்லை. யூபிசாப்ட் கம்பெனி 2014-இல் விற்ற தி க்ரூ என்னும் மோட்டார் பந்தய விளையாட்டுக்கு 2024 மார்ச் 31-ந் தேதியோடு சர்வரை நிறுத்திவிட்டது. முழு விலை கொடுத்தவன் தன் வீட்டில் தனியாய் உட்கார்ந்து ஆடுவதற்கும் வழியில்லாமற் போயிற்று. இதைக் கண்டு ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்னும் கிளர்ச்சி எழுந்து, 2025-இல் ஐரோப்பிய யூனியனில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிற்று. கலிபோர்னியா மாகாணம் வெறும் அனுமதியை விற்றுக்கொண்டு அதை ‘வாங்குதல்’ என்று சொல்லி ஏமாற்றக் கூடாதென்று 2025 முதல் சட்டமே போட்டிருக்கின்றது. இதற்கு நேர் எதிராக மற்றொன்றைப் பாருங்கள். 1993-இல் வந்த டூம் என்னும் விளையாட்டின் மூல நிரலை ஐடி சாப்ட்வேர் கம்பெனி 1997-இல் வெளியிட்டது. படங்களும் கட்டங்களும் விற்பனைப் பொருளாகவே இருந்தன. ஆதலால் கம்பெனி கெட்டுப் போகவில்லை. முப்பது வருஷம் கடந்தும் ஜனங்கள் அந்த டூமைக் கண்ட கண்ட யந்திரங்களிலெல்லாம் ஓட்டி வருகின்றார்கள். பூட்டியது பத்து வருஷத்தில் செத்தது, திறந்தது இன்னும் வாழ்கின்றது.

நிற்க, ஓப்பன் சோர்ஸ் அபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. திறந்திருப்பதாலேயே ஒன்று பத்திரமாகிவிடும் என்று நம்புவது வெறும் மூடநம்பிக்கையாகும். எக்ஸ்இசட் என்னும் சிறு நிரல் உலக முழுவதும் லினக்ஸ் யந்திரங்களில் உள்ளது. அதைச் சம்பளமின்றிப் பராமரித்துவந்த ஒரே மனிதர் களைத்துப்போனார். உதவிக்கு வந்தவன்போல் இரண்டு வருஷத்துக்கு மேல் நடித்த ஒருவன் அதில் கள்ளச் சாவி வைத்துவிட்டான். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் இஞ்சினீயர் அரை விநாடி தாமதத்தைக் கண்டு, ஏன் என்று துருவிப் பார்த்ததால் உலகம் தப்பிற்று. கதவு திறந்திருந்ததால்தான் அவரால் துருவ முடிந்தது. ஆனால் பார்க்க ஆளில்லாவிட்டால் திறந்த கதவால் என்ன பிரயோஜனம்? இது இப்படியிருக்க, நம் அபிமானிகளோ உபுண்டு உயர்ந்ததா, ஆர்ச் உயர்ந்ததா என்று கட்சி கட்டிக்கொண்டு, புதிதாய் வந்து சந்தேகம் கேட்கின்றவனை முட்டாள் என்று ஏசுகின்றார்கள். கேட்கும் உரிமைக்காக ஏற்பட்ட முயற்சியில் கேட்டவனை ஏசுவதைப் போல அக்கிரமம் வேறு உண்டா?

ஆகவே, வாசகர்கள் இன்றே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. முதலில் உள்ள யந்திரத்திலேயே லிபர்ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் போன்ற திறந்த நிரல்களைப் போட்டுப் பழகலாம். பிறகு ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, யந்திரத்தில் உள்ளது எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். சென்னை சி-டாக் ஸ்தாபனத்தார் இந்திய பாஷைகளுக்காக உண்டாக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் உண்டு. தொழிலுக்கு வேண்டிய நிரலும், பிரியமான விளையாட்டும் அதில் ஓடுமா என்று விசாரித்துக்கொண்டு பிறகு மாறலாம். ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை, யார் தடுத்தது என்றாவது தெரிந்துகொள்ளலாம். இனி எந்த யந்திரமோ விளையாட்டோ வாங்கப் போனாலும், “எத்தனை வருஷம் பராமரிப்பாய்? சர்வரை நிறுத்தினால் என் பணத்துக்கு என்ன கதி? என் யந்திரத்தின் உள்ளறையில் நீ யாரை உட்கார வைக்கிறாய்?” என்ற மூன்று கேள்விகளைத் தாட்சண்யமின்றிக் கேட்டு, பதில் சொல்லத் தெரியாதவனிடம் பணத்தைக் கொடுக்காமல் திரும்ப வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.