கால் வீக்கமா, ஆபத்தின் அறிகுறியா? முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை யாருக்குக் கிடைக்கிறது?

வளைகாப்பு முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கால் வீங்கும், தலை வலிக்கும். "நீர் கோத்திருக்கு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், சிலருக்கு அதுவே ப்ரீஎக்ளாம்ப்சியாவின் தொடக்கம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. சிக்கலே அங்குதான்.

ப்ரீஎக்ளாம்ப்சியா என்றால் என்ன?

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போகும். கூடவே சிறுநீரில் புரதம் வெளியேறும், அல்லது சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படும். முற்றினால் வலிப்பு வரலாம். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. பிரசவம்தான் இதற்குத் தீர்வு. ஆனால், 30-வது வாரத்தில் பிரசவம் என்றால் குழந்தை குறைமாதம். காத்திருப்பதா, வேண்டாமா? மருத்துவர்களைத் திணறடிக்கும் கேள்வி இது.

ஆய்வகம் என்ன கண்டுபிடித்தது?

2003-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இந்திய வம்சாவளி மருத்துவர் அனந்த் கருமஞ்சியின் ஆய்வுக் குழு ஒரு புரதத்தை அடையாளம் கண்டது. பெயர் எஸ்எஃப்எல்டி-1. பாதிக்கப்பட்ட நஞ்சுக்கொடி இதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ரத்தக் குழாய்களை நலமாக வைத்திருக்கும் பிஎல்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளை இது பிடித்து முடக்கிவிடுகிறது. கர்ப்பிணி எலிகளுக்கு இந்தப் புரதத்தைச் செலுத்தியபோது, அவற்றுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு தகவல் கிடைத்தது. நோய் வெளியே தெரிவதற்குச் சுமார் 5 வாரங்கள் முன்பே ரத்தத்தில் இந்தப் புரதம் ஏறத் தொடங்குகிறது.

பரிசோதனை எவ்வளவு நம்பகமானது?

இரண்டு புரதங்களின் விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்த பெண்களில் 99.3 சதவீதம் பேருக்கு அடுத்த ஒரு வாரத்தில் நோய் வரவில்லை. 38-ஐத் தாண்டியவர்களில் 4 வாரத்துக்குள் நோய் வந்தது சுமார் 37 சதவீதம் பேருக்குத்தான். அதாவது, 'இப்போதைக்குப் பயம் இல்லை' என்று சொல்வதில்தான் இது கெட்டி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் இத்தகைய பரிசோதனைக்கு அனுமதி தந்தது.

இங்கே என்ன செய்யலாம்?

இந்தியாவில் பெரிய தனியார் ஆய்வகங்களில் இந்த வசதி உண்டு. ஆனால், மாசமான பெண் முதலில் போவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அங்கே எடுப்பது பி.பி., சிறுநீர், எடை, ஹீமோகுளோபின். அவை போதாது என்பதல்ல. அவற்றில் சந்தேகம் எழும்போது அடுத்து எங்கே அனுப்புவது என்பதே கேள்வி. மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி அளவிலாவது இந்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். யாரை அட்மிட் செய்வது, யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவது என்று தெரிந்தாலே படுக்கைத் தட்டுப்பாடு குறைய உதவும்.

விலை மலிவான ஆயுதமும் ஒன்று இருக்கிறது: ஆஸ்பிரின். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி, தினமும் இரவு 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்ததாக 2017-ல் ஒரு ஆய்வு காட்டியது. முந்தைய பிரசவத்தில் இந்தப் பிரச்சினை இருந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். தானாக வாங்கிப் போடக் கூடாது.

12 வாரத்துக்குள் பதிவு பண்ணும்மா என்று கிராம சுகாதாரச் செவிலியர் வற்புறுத்துவது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஆஸ்பிரின் தொடங்கினால் அதிகப் பலன் தரும் காலம் அதுதான். தாமதமாக வருபவருக்கு அந்தப் பலன் குறையலாம்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முக வீக்கம் - இதில் ஒன்று வந்தாலும் அன்றே பி.பி. பார்க்க வேண்டும். பிரசவம் முடிந்த பிறகு வந்தாலும்தான். அப்போதும் ஆறு வாரம் வரை இந்த நோய் வரலாம். "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்வதற்கு முன் அந்த ஒரு அளவை எடுத்துவிடலாம்.