போல்டு போட்டால் தலைப்பு ஆகிவிடுமா?

கல்லூரிகளில் சுற்றும் பாடக்குறிப்பு வேர்ட் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். தலைப்பு என்று ஒரு வரி இருக்கும். எழுத்தளவு 16, போல்டு, அடிக்கோடு, நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரில் இருபது தட்டு. கண்ணுக்கு அது தலைப்புதான். ஆனால் பார்வையற்றவர்களுக்குக் கணினியைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு அது இன்னொரு வரி, அவ்வளவே. எழுத்தின் பருமனைப் பார்த்து அது எதையும் ஊகிப்பதில்லை.

அதே வரிக்கு 'ஹெட்டிங் 1' ஸ்டைல் கொடுத்திருந்தால் கதையே வேறு. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ-வின் உலாவு முறையில் எச் விசையைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த தலைப்புக்குத் தாவிவிடலாம். இல்லாவிட்டால் அறுபது பக்கக் குறிப்பில் நான்காம் அலகு எங்கே என்று முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டியதுதான். இத்தனைக்கும் செலவு என்ன? ஆல்ட், கன்ட்ரோல், 1. மூன்றே விசைகள்!

இதைவிடப் பெரிய கொடுமை பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிற ஆங்கிலக் குறிகள். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஒரு பாடம் முழுக்க இப்படி! (தட்டச்சு செய்தவர் கேட்டால் சிரிப்பார். தேர்வுக்குப் படிப்பவருக்குச் சிரிப்பு வராது.) பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் வராத காலத்தில் டிடிபி கடைக்காரர்களுக்கு வேறு வழியில்லை, சரி. தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகு வேர்டில் பாமினி எதற்கு? மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

"எங்க கிளாஸ்ல பார்வையற்றவங்க யாரும் இல்லையே" என்பது வழக்கமான பதில். கோப்பு ஒரு வகுப்போடு நிற்கிறதா என்ன? ஜூனியருக்குப் போகிறது, வாட்ஸப்பில் ஊர் சுற்றுகிறது. யாராவது வந்து கேட்டால் செய்கிறோம் என்பது, மழை வந்த பிறகு ஓடு மாற்றுகிற கதை. தேர்வுக்கு முந்தின இரவு ஒரு மாணவர் யாரிடம் போய்க் கேட்பார்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகங்களில் வருவதும் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. தயவு தாட்சண்யம் பற்றிய பேச்சே இல்லை அதில்.

வேர்ட் 2010 முதலே 'அக்சசிபிலிட்டி செக்கர்' உள்ளேயே இருக்கிறது. இப்போது ரிவ்யூ மெனுவில் கிடைக்கும். படத்துக்கு மாற்று உரை இல்லையென்றால் சுட்டிக்காட்டும். ஆனால் 'படம்1' என்று எழுதி அதை ஏமாற்றுவது சுலபம். வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுத ஆள்தான் வேண்டும்.

அப்புறம் பிடிஎஃப். ஒழுங்காக ஸ்டைல் கொடுத்த கோப்பைக்கூட 'பிரிண்ட்' வழியாக பிடிஎஃப் ஆக்கினால் தலைப்புகள் தொலைந்துபோகலாம். 'சேவ் ஆஸ்' வழியாகப் போய், ஆப்ஷன்ஸில் 'டாகுமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ்' குறியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சடித்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பும் சுற்றறிக்கைகளோ வெறும் புகைப்படங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகை அறிவிப்பே அப்படி வந்தால், அதைப் பக்கத்திலிருப்பவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.