மூலநாடாவும் கரையான் புற்றும்

தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்த வரலாற்றை ஒரு மீட்பின் கதையாகவே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். திருமுறை கண்ட புராணம் கூறும் இன்னொரு செய்தியும் உண்டு. அறை பூட்டியே இருந்தது. மூவரின் கையடையாளமும் காவலாக இருந்தது. ஆயினும் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. பூட்டிவைப்பது பாதுகாப்பாகிவிடாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அலமாரிகளில் எஞ்சியிருக்கும் ஒளிநாடாக்களுக்கும் இது பொருந்தும் என்பது நம் கருத்து.

2000-களில் சிற்றூர் ஸ்டூடியோக்கள் மினி டிவி கேசட்டுகளில் படம்பிடித்தன (இங்கு டிவி என்பது டிஜிட்டல் விடியோவின் சுருக்கம்). பிரீமியர், ஃபைனல் கட் புரோ போன்ற மென்பொருள்களில் தொகுத்து முடித்த நிகழ்ச்சியை ஃபயர்வயர் கம்பி வழியே மீண்டும் நாடாவில் பதிவார்கள். முதலில் வண்ணப்பட்டைகளும் சீரான ஓர் ஒலியும், பின்னர் தலைப்பு அட்டை, சிறிது கறுப்பு, அதன்பின் நிகழ்ச்சி. ஒரு மணி நேர நிகழ்ச்சி நாடாவில் ஏற ஒரு மணி நேரமே ஆகும். இடையில் ஒரு சட்டகம் தவறினாலும் மீண்டும் பதிய வேண்டும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் தேவைப்பட்டதால், அடுத்த வேலைக்காக வன்தட்டை அழித்துவிடுவதே வழக்கம். ஆகவே மாஸ்டர் எனப்பட்ட அந்த நாடாவே மூலம். வீட்டுக்கு வந்த டிவிடி, தரம் குறைத்துச் சுருக்கிய படி மட்டுமே.

சேக்கிழாரின் நூல் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாக மரபு சொல்லும். அரங்கேற்றம் என்பது 'இதுவே பாடம்' என்று அறுதியிடுவதும்தான். மூலநாடாவில் பதிவதும் அத்தகைய செயலே. இன்றோ ஒரே படம் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று கோப்புகளாகத் திரிகிறது. பாடபேதம் பார்க்கப் பதிப்பாசிரியர்தான் வரவேண்டும்.

நாடாவின் காலம் முடிந்துவிட்டது. 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையில் சோனியின் செண்டாய் ஆலை சேதமுற, தொழில்முறை நாடாக்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. கோப்புகளுக்கு மாறும் போக்கு விரைந்தது. அதே ஆண்டு வெளியான ஃபைனல் கட் புரோ எக்ஸில் நாடாவில் பதியும் வசதி முன்போல் இல்லை. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2025-ஐக் கெடுவாக வைத்து எச்சரித்திருந்தது, அக்கெடுவும் வந்துவிட்டது. இயக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தால் நெகிழும், பூஞ்சையும் படரும். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015-இல் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை.

இழக்கப்போவது என்ன? 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலியை நினைத்துக்கொள்வோம். தெருக்கூத்தையும் ஓதுவார் குரலையும் நினைத்துக்கொள்வோம். இவற்றைவிட எளிய ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26-க்கு முன் தேவனாம்பட்டினம் போன்றதொரு கடற்கரை ஊரில் எடுக்கப்பட்ட கல்யாணக் கேசட்டில், கடல் கொண்டுபோன வீடுகளும் முகங்களும் இருக்கக்கூடும். அவர்கள் பந்தியில் உட்கார்ந்து சிரித்ததற்கு வேறு சான்று ஏது?

யூடியூபில் ஏற்றினால் போதாதா எனலாம். போதாது. அங்கிருப்பதும் சுருக்கிய படியே. அதன் ஆயுளும் நம் கையில் இல்லை. வன்தட்டும் அழியும் என்பது மெய்தான். ஓலையும் அழிவதே. அழியுமுன் பெயர்த்தெழுதியதால்தான் சங்கப்பாடல் நம்மை வந்தடைந்தது. பெயர்த்தெழுதும் வழக்கம் நின்று, ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் தொடர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதை உ.வே.சா.வின் வாசகர்கள் அறிவர்.

நல்ல நிலையிலுள்ள டிவி நாடாவை ஃபயர்வயர் வழியே கணினிக்கு மாற்றினால் தரம் சிறிதும் குறையாது. இரண்டு வன்தட்டுகள், இரண்டு வெவ்வேறு இடங்கள், யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு, இவ்வளவே தேவை. நாடாவையும் எறிந்துவிட வேண்டாம். சுவடியியலைப் பாடமாக வைத்திருக்கும் தமிழ்த்துறைகளே இப்பணிக்கு முதலில் முன்வர வேண்டும். ஓலையைப் படிக்கக் கற்பிக்கும் நாம், நம் தலைமுறையின் சுவடியைப் புற்றுக்கு விட்டுவிடுவது முறையாகாது.