மலிவு இயந்திரத்தின் மறுபாதி விலை

என் தங்கை மகன் மன்னார்குடி வட்டாரத்தில் வாடகை உழவுத் தொழில் செய்கிறான். சொந்த நிலம் ஒன்றரை ஏக்கர்தான். ஆனால், சம்பா நடவுப் பருவத்தில் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் சிறு விவசாயிகள் பலருக்கும் சேற்றுழவு அடித்துத் தருபவன் அவன். சில ஆண்டுகளுக்கு முன்பு, சீனத்திலிருந்து இறக்குமதியான பவர் டில்லர் ஒன்றை வாங்கினான். உள்நாட்டுத் தயாரிப்பைவிட ஏறத்தாழ 40 ஆயிரம் ரூபாய் குறைவு. 'மாமா, அதே குதிரைத்திறன், அதே வேலை, விலை மட்டும் குறைவு' என்று தொலைபேசியில் மகிழ்ச்சியாகச் சொன்னான். பொருளாதாரம் கற்பித்த நானும் அப்போது மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது பருவத்தின் நடுவே, சுழல் கலப்பையை இயக்கும் பெட்டிக்குள் ஒரு பற்சக்கரம் உடைந்தது. விற்ற வணிகர் அதற்குள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். தஞ்சாவூரில் தேடினால் அதே தோற்றமுடைய இயந்திரம் வேறு பெயரில், வேறு வண்ணத்தில் இருக்கிறது. ஆனால், அதன் பற்சக்கரத்தில் ஒரு பல் கூடுதல். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பழைய இயந்திரத்திலிருந்து கழற்றி வந்த பாகம் பொருந்தியது. அதற்குள் 11 நாள்கள் கழிந்துவிட்டன. டீசலும் ஆள்கூலியும் போக ஒரு நாளுக்கு 2,000 ரூபாய் நிற்கும் என்பது அவனுடைய நோட்டுப் புத்தகக் கணக்கு. ஆக, 22 ஆயிரம் ரூபாய் இழப்பு. உதிரிபாகத்தின் விலையோ 1,000 ரூபாய்க்கும் குறைவு. அடுத்த ஆண்டு இன்னொரு பழுது வந்தபோது, வாங்கும்போது மிச்சப்பட்ட 40 ஆயிரமும் கரைந்துவிட்டது.

இந்தக் கணக்கில் வராத இழப்பு ஒன்றும் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்று முற்றி நிற்கும் விவசாயி 11 நாள்கள் காத்திருக்க மாட்டார், வேறொருவரை அழைத்துக்கொள்வார். அடுத்த பருவத்திலும் அவரையே அழைப்பார். சொந்த வயலை மட்டும் உழுபவருக்கு இயந்திரம் நின்றால் அண்டை வீட்டு இயந்திரத்துக்கு வாடகை கொடுத்தால் போதும். வாடகைக்கு ஓட்டுபவருக்கோ வாடிக்கையாளரே போய்விடுவார். அவருடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் ஈட்டப்படுவது. எனவே, இயந்திரம் ஆண்டில் எத்தனை நாள்கள் பழுதாகி நின்றது என்பதைவிட, எந்த நாள்களில் நின்றது என்பதே அவருக்கு முக்கியம்.

உதிரிபாகம் என்று பொதுவாகச் சொல்கிறோம். பட்டறைக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் அதில் மூன்று வகை இருப்பது தெரிகிறது. முதலாவது, உலகம் முழுவதும் ஒரே அளவில் வருபவை. 6205 என்ற எண் பொறித்த பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிமன் 15. அது சீனத்தில் செய்யப்பட்டாலும் ஜப்பானில் செய்யப்பட்டாலும் அளவு மாறாது. எந்தச் சிறு நகரத்திலும் கிடைக்கும். ஆயில் சீல், பெல்ட் போன்றவற்றில் பெரும்பாலானவையும் இப்படித்தான். இரண்டாவது, லேத் பட்டறையில் கடைந்து எடுக்கக்கூடிய புஷ், பின், எளிய தண்டுகள். மூன்றாவது வகைதான் தொல்லை. பற்சக்கரம், கிராங்க் தண்டு, எரிபொருள் பம்பு, ஹைட்ராலிக் பம்பு ஆகியவற்றை உள்ளூரில் செய்ய முடியாது. செய்தாலும் உரிய வெப்பப் பதம் ஏற்றாத பற்சக்கரம் ஒரு பருவத்துக்குள் தேய்ந்துவிடும். ஓர் இயந்திரம் வாடகைத் தொழிலுக்கு ஏற்றதா என்பதை இந்த மூன்றாவது வகைதான் தீர்மானிக்கிறது. விற்பனைக் கையேட்டில் குதிரைத்திறனும் மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்பதும் இருக்கும். இது மட்டும் இருக்காது.

ஏன் கடைக்காரர் அவற்றை வாங்கி வைப்பதில்லை? காரணம் மெத்தனம் அல்ல, கணக்கு. ஒரு மாவட்டத்தில் ஒரே வகை இயந்திரம் ஆயிரம் ஓடினால் குறிப்பிட்ட பற்சக்கரம் மாதம் ஒன்றாவது விற்கும். 30 இயந்திரங்கள் மட்டுமே ஓடினால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று விற்றால் அதிகம். இரண்டு ஆண்டுகள் பணத்தை முடக்கி வைக்க எந்தக் கடைக்காரரும் முன்வர மாட்டார். ஆகவே, பரவலாக ஓடும் இயந்திரத்துக்குப் பாகம் கிடைக்கும். பாகம் கிடைப்பதால் அது மேலும் பரவும். புதிதாக வரும் மலிவு இயந்திரம் இந்தச் சுழலுக்கு வெளியே நிற்கிறது. விலையைக் குறைத்துத்தான் அது உள்ளே நுழைய முடியும். குறைத்த விலையில் உதிரிபாகக் கிடங்கு நடத்துவதற்கான பணம் மிஞ்சாது.

இது சீனப் பொருள் என்பதால் வந்த குறை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நம் நாட்டில் நற்பெயர் பெற்ற பவர் டில்லர்களின் மூலமும் வெளிநாடுதான். பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்துடனும், 1973-இல் தொடங்கப்பட்ட கேரள அரசு நிறுவனமான காம்கோ குபோட்டாவின் தொழில்நுட்பத்துடனும் வளர்ந்தவை. டிராக்டரிலும் அப்படியே. செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் முதலில் இறக்குமதியாக வந்தது. பின்னர் 1971-இல் எச்.எம்.டி. நிறுவனம் ஹரியாணாவின் பிஞ்சோரில் அதை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் முடிவெடுத்தது. ஆயினும், பழைய எச்.எம்.டி. டிராக்டர்கள் வட மாநிலங்களில் இன்னும் ஓடுகின்றன. தாய் நிறுவனம் போன பிறகும் பாகம் செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன என்பதே அதற்குக் காரணம்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. ஆப்பிரிக்காவின் கானாவில் 2007 முதல், டிராக்டர் வாடகை மையங்கள் நடத்தத் தனியாருக்கு அந்நாட்டு அரசு மானிய விலையில் டிராக்டர்களை வழங்கியது. அவற்றில் ஒரு பகுதி சலுகைக் கடனில் இந்தியாவிலிருந்து போனவை. அங்கே நாம்தான் மலிவு இறக்குமதி! சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த மையங்களை ஆராய்ந்தபோது, டிராக்டர்கள் போதிய அளவு வேலை பார்க்கவில்லை என்பதும், புதிய வகைகளுக்கு உதிரிபாகமும் பழகிய மெக்கானிக்கும் கிடைப்பது அரிது என்பதும் தெரியவந்தன. சொந்தப் பணத்தைப் போட்டு வாடகைத் தொழில் செய்த கானா விவசாயிகளோ, ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய மாஸி பெர்குசனையும் போர்டையும் தேடி வாங்கினர். புதிய டிராக்டர் மானியத்தில் கிடைக்கும்போது பயன்படுத்திய டிராக்டரை முழு விலை கொடுத்து வாங்கியவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. எந்த ஊர் சந்தையில் எந்தப் பாகம் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. ஜப்பானிய வயல்களுக்காகக் குபோட்டா தயாரித்த டிராக்டர்களைப் பயன்படுத்திய நிலையில் வாங்கி அமெரிக்காவில் மலிவாக விற்றனர் சில வணிகர்கள். பெயரும் அதே, நிறுவனமும் அதே. ஆனால், அமெரிக்க விற்பனையாளர்களிடம் அவற்றுக்குரிய பாகங்கள் இல்லை. எச்சரிக்கைக் குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருந்தன. உறுதியிலும் அளவுகளிலும் வேறுபாடுகள் இருந்தன. பெயர் ஒன்றானாலும் இது வேறு பொருள் என்று கருதி, அந்நாட்டின் சர்வதேச வர்த்தக ஆணையம் பெரும்பாலான வகைகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வணிக முத்திரையைக் காக்கத் தொடுத்த வழக்குதான் அது. எனினும், பழுது பார்க்கும் வசதியும் பொருளின் ஓர் அங்கமே என்பதை அந்தத் தீர்ப்பு சட்டத்தின் மொழியில் ஏற்றுக்கொண்டது என்றே நான் வாசிக்கிறேன்.

இந்தியா என்ன செய்தது? 2020 ஜூலை 15 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் கோரும் நிறுவனம் குறைந்தது மூன்று ஆண்டுகள் இத்தொழிலில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் 100 இயந்திரங்களாவது விற்றிருக்க வேண்டும். பயிற்சி, பழுதுநீக்கம், உதிரிபாகம் ஆகியவற்றுக்கான கட்டமைப்பு இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை மனமாரப் பாராட்டுகிறேன். என் தங்கை மகனுக்கு விற்ற வணிகர் இந்தத் தேர்வில் நிச்சயம் தோற்றிருப்பார்.

ஆனால், அதே ஆணை இன்னும் இரண்டைச் சேர்த்தது. ஒரு நிறுவனத்துக்கு வழங்கப்படும் அனுமதியின் மதிப்பு, அது முந்தைய ஆண்டு செய்த இறக்குமதியின் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. இயந்திரத்துடன் என்ஜின், கியர் பெட்டி, அடிச்சட்டம், சுழல் கலப்பை ஆகிய பாகங்களையும் அதே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது மற்றொன்று. நல்ல சேவை தரும் இறக்குமதியாளரையும் தராதவரையும் ஒரே 10 சதவீதத்தில் நிறுத்தினால், சேவைக் கட்டமைப்பை வளர்க்க அவருக்கு என்ன ஊக்கம் இருக்கும்? ஏற்கெனவே வயல்களில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களுக்கான முக்கியப் பாகங்களின் வரத்தைச் சுருக்கியது அதைவிடப் பிழை. புதிய இயந்திரத்தை நிறுத்துவது தொழில் கொள்கை. பழைய இயந்திரத்தின் கியர் பெட்டியை நிறுத்துவது, அதை நம்பிப் பணம் போட்டவருக்கு அபராதம். எல்லைப் பதற்றம் உச்சத்தில் இருந்த நேரம் அது என்பதையும் மறக்கவில்லை. இருந்தாலும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

வரி விஷயத்திலும் நெடுங்காலம் இப்படியொரு முரண் இருந்தது. முழு டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். டிராக்டர் டயருக்கும், கியர் பெட்டி, ஹைட்ராலிக் பம்பு, கிளட்ச் உள்ளிட்ட பல பாகங்களுக்கும் 18 சதவீதம். புதிதாக வாங்கினால் குறைவு, இருப்பதைப் பழுது பார்த்தால் அதிகம். கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் 5 சதவீதமாகிவிட்டன. நாளேடுகளில் டிராக்டர் விலை குறைந்த செய்தியே பெரிதாக வந்தது. வாடகைத் தொழில் செய்பவருக்கு அதைவிடப் பெரிய செய்தி, பாகங்களுக்கான வரி 13 புள்ளிகள் குறைந்ததுதான்.

மானியத்தின் கதை வேறு. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், பயனாளியின் வகையையும் இயந்திரத்தையும் பொறுத்து 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. வாடகை மையங்களுக்கும் தனி உதவி உண்டு. மானியம் இயந்திரம் விற்கும் நாளில் கணக்கிடப்படுவது. ஐந்தாம் ஆண்டில் அதே இயந்திரம் ஒரு பற்சக்கரம் இல்லாமல் கொட்டகையில் நின்றால், போட்ட பொதுப்பணமும் அதனுடன் நிற்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னி போன்ற இடங்களில் உள்ள அரசு பரிசோதனை நிலையங்கள் இயந்திரத்தின் இழுதிறனையும் எரிபொருள் செலவையும் அளந்து சொல்கின்றன. ஐந்து ஆண்டுகள் கழித்து யார் பாகம் தருவார் என்பதை எந்தப் பரிசோதனைக் கூடமும் அளக்க முடியாது. அதை ஒப்பந்தத்தின் மூலம்தான் உறுதிசெய்ய முடியும்.

அந்த ஒப்பந்தம் எப்படி இருக்கலாம்? மானியப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும், உள்நாட்டுத் தயாரிப்பானாலும் இறக்குமதியானாலும், மேலே சொன்ன மூன்றாம் வகைப் பாகங்களின் பட்டியலையும் விலையையும் விற்பவர் வெளியிட வேண்டும். பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றின் பொது அளவு எண்களைக் கையேட்டில் தமிழிலேயே அச்சிட வேண்டும். இதற்குச் செலவே இல்லை. பாதிப் பழுதுகள் உள்ளூரிலேயே தீர்ந்துவிடும். விற்பனையாளர் ஒரு வங்கி உத்தரவாதத்தை ஏழு ஆண்டுகளுக்கு வைக்க வேண்டும். நடவு, அறுவடைக் காலங்களில் மூன்று நாள்களுக்குள் பாகம் தராவிட்டால் அதிலிருந்து விவசாயிக்கு இழப்பீடு. நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தபோது, கைப்பேசி, வாகனம், வீட்டுச் சாதனம் ஆகியவற்றுடன் வேளாண் கருவிகளையும் சேர்த்தது. அதற்கெனத் தொடங்கிய இணையதளத்தில் பவர் டில்லர்களையும் முழுமையாகக் கொண்டுவந்தால் பாகப் பட்டியலுக்குத் தனி இடம் தேட வேண்டியதில்லை.

இப்படிச் செய்தால் மலிவு இயந்திரத்தின் விலை உயரும் என்பார்கள். உயரும்தான், சில ஆயிரம் ரூபாய் கூடும். இப்போதும் அந்தத் தொகையை விவசாயி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வாங்கும் நாளில் கொடுக்காமல், நடவு நேரத்தில் வயல் வரப்பில் நின்றுகொண்டு, தொகை எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாமல் கொடுக்கிறார். அந்தத் தொகை முன்பே தெரிந்தால், மலிவு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பவரும் இருப்பார். ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் சொந்த வயலை உழுபவருக்கு அது இன்றும் நல்ல தேர்வே.

அரசு நடத்தும் அல்லது மானியம் தரும் வாடகை மையங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்தில் உள்ள மையங்கள் அனைத்தும் ஒன்றிரண்டு வகை இயந்திரங்களை மட்டும் வாங்கினால், அந்த வட்டாரத் தலைநகரின் உதிரிபாகக் கடைக்காரரே பற்சக்கரத்தை வாங்கி அலமாரியில் வைப்பார். யாரும் ஆணையிட வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளியில் ஆண்டுதோறும் மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுப்பது என்ற விதிதான் இதற்குத் தடை. முதல் ஆண்டு ஒரு நிறுவனம், அடுத்த ஆண்டு வேறொன்று என்று வாங்கினால் ஐந்து ஆண்டுகளில் ஒரே கொட்டகையில் ஐந்து வகை இயந்திரங்கள் நிற்கும். கொள்முதல் விலையுடன் ஐந்தாண்டுப் பாகச் செலவையும் சேர்த்து ஒப்பிடும்படி அந்த விதியைத் திருத்த, புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

தங்கை மகன் கடந்த கோடையில், அதே வகையைச் சேர்ந்த ஓடாத பவர் டில்லர் ஒன்றைப் பக்கத்து ஊரில் 18 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்து கொட்டகையில் நிறுத்தியிருக்கிறான். ஓட்டுவதற்கு அல்ல, பாகங்களைக் கழற்றுவதற்கு. அந்த 18 ஆயிரத்தையும் அவனுடைய நோட்டுப் புத்தகத்தில் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே எழுதச் சொன்னேன்.