உண்டியலுக்கு வழிவிட்ட மத்திய வங்கி

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதே நாட்டைக் கவிழ்த்தது என்று இன்னமும் எழுதுகிறார்கள். நான் மறுக்கிறேன். கவிழ்த்தது, அதற்கு முந்திய ஆறு மாதப் பிடிவாதம். ஒருபுறம் பணத்தை அச்சிட்டபடி, மறுபுறம் டொலருக்கு 203 ரூபாவுக்கு மேல் கொடுக்கலாகாது என்று வங்கிகளைக் கட்டிப்போட்டார்கள். உண்டியல்காரரோ கூடுதலாகக் கொடுத்தார். வளைகுடா வெயிலில் உழைத்தவர் யாரிடம் போவார்? 2020இல் 710 கோடி டொலராக இருந்த பணவனுப்பல், 2021இல் 550 கோடியாகச் சுருங்கியது. அந்த வரட்சியிலும், 2022 ஜனவரியில் கடன்முறிக்காரருக்கு 50 கோடி டொலர் எண்ணிக் கொடுத்தார்கள். பெருமை வேறு! எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பாளிகளே என்றது. எங்களுக்கு நட்டஈடு இல்லை.